எட்டு சதவீதப் புல்லரிப்பு

“நம் டி.என்.ஏ.வில் 8 சதவீதம் வைரஸ்” என்ற வாக்கியத்தை இலக்கியக் கட்டுரைகளில் எழுதக்கூடாது என்று ஓர் ஐந்து வருடத் தடை போட்டால் முதல் கையெழுத்து என்னுடையது. கோவிட் காலத்தில் பிடித்த பழக்கம், இன்னும் விட்டபாடில்லை. கட்டுரையாளர் அடையாளம் பற்றியோ எல்லைகள் பற்றியோ அகதிகள் பற்றியோ நன்றாகத்தான் பேசிக்கொண்டு வருவார். திடீரென்று இந்த 8 சதவீதம் வந்து குதிக்கும். யாரை அந்நியர் என்று துரத்துகிறோமோ அவர் நமக்குள்ளேயே இருக்கிறார் என்று ஒரு வரி வரும். வாசகருக்குப் புல்லரிக்கும். அத்தோடு சரி. அந்த வைரஸ் அங்கே எப்படி வந்தது, உட்கார்ந்து என்ன பண்ணுகிறது, அதனால் யாருக்கு என்ன ஆனது என்று பேச்சே இருக்காது.

இதற்கு நேரெதிர் என்று தங்களை நினைத்துக்கொள்பவர்கள் இன்னொரு கோஷ்டி. அவர்களுக்கு உடம்பு ஒரு கோட்டை. நோய் எதிர்ப்புச் சக்தி அதன் படை. கிருமி படையெடுத்து வரும் எதிரி. இந்தப் பொடியை வெந்நீரில் கலந்து குடித்தால் படைக்கு ஆள் சேரும். காலை ஆறு மணி வாட்ஸப் செய்தியிலிருந்து மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரிவரை இவர்கள் ராஜ்ஜியம்.

பார்வைக்கு இரண்டு பேரும் பரம எதிரிகள். எனக்கென்னவோ இருவரும் சேர்ந்து ஒரே கோட்டையைத்தான் கட்டுகிறார்கள் என்று படுகிறது. ஒருவர் கதவை இழுத்து மூடச் சொல்கிறார், மற்றவர் திறந்துவிடச் சொல்கிறார். கோட்டை இருக்கிறதா என்று இரண்டு பேருமே எட்டிப் பார்க்கவில்லை.

எண்ணில் தப்பில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2001 பிப்ரவரியில் மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு வெளியானபோதே, அதில் ஏறக்குறைய 8 சதவீதம் ரெட்ரோவைரஸ் வழி வந்தது என்று கணக்கு வந்துவிட்டது. புரதம் செய்யக் குறிப்புத் தரும் பகுதி 2 சதவீதம்கூடக் கிடையாது. ரெட்ரோவைரஸ் என்பது தன் மரபுக்குறிப்பை ஆர்.என்.ஏ.வாக வைத்திருக்கும் வைரஸ். செல்லுக்குள் நுழைந்ததும் அதை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி, செல்லின் சொந்த டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடும். இந்தத் தலைகீழ் எழுத்தைச் செய்யும் நொதியை 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள், 1975இல் நோபல் பரிசும் வந்தது. தோலிலோ ரத்தத்திலோ உள்ள செல்லில் இப்படிச் செருகினால் அந்த ஆள் சாகும்போது அதுவும் போய்விடும். முட்டைக்கோ விந்தணுவுக்கோ போகும் செல்லில் செருகிவிட்டால் கதை வேறு. பிறக்கும் பிள்ளையின் ஒவ்வொரு செல்லிலும் அது இருக்கும். பிள்ளையின் பிள்ளைக்கும் போகும். பல கோடி ஆண்டுகளில் இப்படி அபூர்வமாக நடந்தவை சேர்ந்து சேர்ந்துதான் இந்த 8 சதவீதம்.

இப்படி ஒன்று நடக்கும் என்பதையே நம்ப மறுத்த காலம் உண்டு. 1960களின் இறுதியில் ராபின் வைஸ் என்ற இளம் ஆங்கிலேய ஆய்வாளர், கோழியின் செல்கள் பிறவியிலேயே ஒரு ரெட்ரோவைரஸின் மரபணுவைச் சுமக்கின்றன என்று எழுதினார். அது சாத்தியமே இல்லை என்று மதிப்பீட்டாளர் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார். மனிதர் சளைக்கவில்லை. வீட்டுக்கோழியின் மூதாதையான காட்டுக்கோழியிலும் இது இருக்கிறதா என்று பார்க்க மலேசியக் காட்டுக்கே போய்விட்டார். இருந்தது. நம் ஆட்கள் கட்டுரை எழுதுமுன் கூகுளின் இரண்டாம் பக்கத்துக்குக்கூடப் போவதில்லை என்பதை இங்கே சும்மா சொல்லி வைக்கிறேன்.

இப்போது, அந்த 8 சதவீதத்தில் இருப்பது வைரஸா? பெரும்பாலும் இல்லை. செருகப்பட்ட ரெட்ரோவைரஸின் இரண்டு முனையிலும் ஒரேமாதிரியான ஒரு வாசகம் இருக்கும். அதுதான் அதன் சுவிட்ச்: எப்போது, எந்தச் செல்லில், எந்தச் சமிக்ஞை கிடைத்தால் என்னை இயக்கு என்று சொல்லும் பகுதி. நாளடைவில் இரு முனைகளும் ஒன்றோடொன்று கலந்து, நடுவில் இருந்த வைரஸ் மரபணுக்கள் கழன்று விழுந்துவிடும். ஒரு முனை மட்டும் மிஞ்சும். வீடு இடிந்து தரைமட்டமாகி, ஒரு துண்டுச் சுவரில் சுவிட்ச் போர்டு மட்டும் ஒயரோடு தொங்குகிற மாதிரி. நம்மிடம் மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதி இந்தத் தனிச் சுவிட்சுகள்தாம். மீதியும் பிறழ்வுகள் குவிந்து பழுதாகிவிட்டது. மனித டி.என்.ஏ.வில் முழுதாக எழுந்து, செல்லை விட்டு வெளியே வந்து, இன்னொரு செல்லைத் தொற்றக்கூடிய பழைய வைரஸ் ஒன்றுகூட இதுவரை கண்டறியப்படவில்லை. பிரான்ஸில் தியெரி ஹைட்மான் குழு 2006இல் ஒரு குடும்பத்துச் சிதைந்த பிரதிகளையெல்லாம் ஒப்பிட்டு, மூல வைரஸைச் சோதனைச்சாலையில் திரும்பச் செய்தார்கள். ஃபீனிக்ஸ் என்று பெயரும் வைத்தார்கள். அதற்கு மனிதக் கை தேவைப்பட்டது.

‘அறிவியல் இதையெல்லாம் குப்பை என்றது, இன்று பொக்கிஷம் என்கிறது’ என்பது அடுத்த தேய்வழக்கு. சுசுமு ஓனோ 1972இல் பயன்படுத்திய ‘ஜங்க்’ என்ற சொல்லைக் குப்பை என்று மொழிபெயர்த்ததிலேயே பாதிக் குழப்பம். ஜங்க் என்பது தூக்கிப் போடாமல் வைத்திருப்பது, கார்பேஜ் என்பதுதான் தூக்கிப் போடுவது என்று சிட்னி பிரென்னர் வித்தியாசம் சொல்வார். நம் ஊர்க் கணக்கில் பரண் சாமான். பரணில் கிடக்கும் நூறு சாமானில் என்றைக்கோ ஒன்று உபயோகப்படும். அதற்காகப் பரணே பொக்கிஷ அறை ஆகிவிடாது. பழைய வைரஸ் துண்டுகளில் பெரும்பாலானவை இன்றும் எந்த வேலையும் இல்லாமல் மெல்ல மட்கிக்கொண்டிருப்பவைதாம்.

ஆனால் அந்த ஒன்றிரண்டு சாமான் எங்கே போய் மாட்டியிருக்கிறது என்பதுதான் விஷயம்.

செல்லுக்குள் கிருமி வந்தால் இன்டர்ஃபெரான் என்ற புரதம் வெளியாகும். அதுதான் அபாய விசில். அந்த விசிலைக் கேட்டதும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். வெவ்வேறு குரோமோசோம்களில் சிதறிக் கிடக்கும் இத்தனை மரபணுக்களுக்கு ஒரே விசில் எப்படிக் கேட்கிறது? ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தச் சமிக்ஞை வந்து உட்கார ஒரு சின்ன இடம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இத்தனை இடத்திலும் அதை எழுதியது யார்?

2016இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சுவாங், நெல்ஸ் எல்டே, செட்ரிக் ஃபெஷோட் மூவரும் ‘சயன்ஸ்’ இதழில் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். அந்த இடங்களில் பல, பழைய ரெட்ரோவைரஸின் தொங்கும் சுவிட்சுகள். வெறும் ஒப்பீட்டோடு அவர்கள் நிற்கவில்லை. ஏ.ஐ.எம்.2 என்று ஒரு மரபணு. செல்லுக்குள் இருக்கக் கூடாத இடத்தில் டி.என்.ஏ. தென்பட்டால் அதை மோப்பம் பிடித்து அழற்சியைக் கிளப்புவது இதன் வேலை. இதன் அருகில் மெர்41 என்ற வைரஸ் குடும்பத்தின் ஒரு துண்டு கிடக்கிறது. நம் குரங்கு மூதாதையரிடம் சுமார் 4.5 முதல் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து ஒட்டிய சரக்கு. கிரிஸ்பர் கத்தரியால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தார்கள். மரபணுவைத் தொடவே இல்லை. இன்டர்ஃபெரான் விசில் ஊதினார்கள். ஏ.ஐ.எம்.2 எழுந்திருக்கவில்லை. வாக்சினியா வைரஸை விட்டுப் பார்த்தபோது அந்தச் செல்களின் அழற்சி எதிர்வினை மந்தமாகிவிட்டது.

அதாவது, இன்று வரும் வைரஸைக் கண்டு நம் செல் கூச்சலிடுவதற்கான கம்பி இணைப்பில் ஒரு கண்ணி, செத்துப்போன இன்னொரு வைரஸ் விட்டுப்போனது.

‘பாருங்கள், வைரஸ் நமக்குத் தந்த கொடை!’ என்று இங்கே ஒருவர் எழுந்திருப்பார். உட்காருங்க சார். அந்தச் சுவிட்ச் வைரஸிடம் முதலில் ஏன் இருந்தது என்று கேட்க வேண்டாமா? இன்றைய எச்.ஐ.வி.யைப் பாருங்கள், பாதி பதில் கிடைக்கும். அதன் முனைச் சுவிட்சில் என்.எஃப். கப்பா பி என்ற புரதம் வந்து உட்கார இடம் இருக்கிறது. நோய்க்கு எதிராக டி-செல்லைத் தட்டி எழுப்பும் முக்கியச் சமிக்ஞைகளில் அது ஒன்று. செல் போருக்குக் கிளம்பும் அதே நிமிடத்தில் எச்.ஐ.வி.யும் தன் பிரதிகளை அடிக்கத் தொடங்கிவிடும். காவலாளி விசில் அடிக்கும்போது எழுந்திருக்கும்படி தன் அலாரத்தைத் திருடன் வைத்துக்கொண்டது போல. மெர்41உம் தன் காலத்தில் இதே காரணத்துக்காகத்தான் அந்தச் சுவிட்சை வைத்திருந்திருக்கும் என்பதே நியாயமான ஊகம். திருடன் செத்தான். அலாரம் சுவரில் மிஞ்சியது. பக்கத்து வீட்டுக்காரன் அதை வைத்து எழப் பழகிக்கொண்டான். இதில் கொடுத்தவன் யார், நன்றி யாருக்கு?

கொடைக் கோஷ்டியின் பெரிய துருப்புச் சீட்டு சின்சிட்டின். நஞ்சுக்கொடியில் தாய்க்கும் சேய்க்கும் இடையிலான திசுவில் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே படலமாவதற்கு உதவும் புரதம் இது. ஒரு ரெட்ரோவைரஸின் உறைப் புரதமாக இருந்தது என்று 2000இல் தெரிய வந்தது. வைரஸ் தன்னைச் செல்லோடு இணைக்கப் பயன்படுத்திய அதே திறன், இங்கே செல்லைச் செல்லோடு இணைக்கிறது. நம்மிடம் உள்ள இரண்டாவது சின்சிட்டினில் நோய் எதிர்வினையை அடக்கக்கூடிய ஒரு பகுதியும் இருக்கிறது. தாயின் உடல் பாதி அந்நியமான கருவை ஏன் தூக்கி எறிவதில்லை என்ற பழைய கேள்விக்கு இதிலும் ஒரு துப்பு இருக்கலாம். உண்மையிலேயே மலைப்பான விஷயம்தான், மறுக்கவில்லை. எலியிலும் இதே வேலை நடக்கிறது, ஆனால் முற்றிலும் வேறு வைரஸ்களிடமிருந்து வந்த புரதங்களால். பல பாலூட்டி வரிசைகள் தனித்தனியாக, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வைரஸிடமிருந்து எடுத்திருக்கின்றன. இதைப் படித்துவிட்டு ‘தாய்மையே வைரஸின் பரிசு’ என்று கவிதை எழுதுபவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: அந்த வைரஸ் முதன்முதலாக வந்தபோது எத்தனை பேர் செத்தார்கள்?

இது ஆவேசத்தில் கேட்பதல்ல. அந்தக் காட்சியை இப்போதே, நம் கண்ணெதிரே, ஆஸ்திரேலியாவில் பார்க்கலாம். கோவாலாக்களிடம் ஒரு ரெட்ரோவைரஸ் பரவிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் அது சாதாரணத் தொற்று போல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. இன்னொரு பக்கம் முட்டை, விந்தணு வழியே மரபிலும் ஏறிக்கொண்டிருக்கிறது. 2006இல் ரேச்சல் டார்லின்டன், ஜோவான் மீயர்ஸ், பால் யங் மூவரும் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதியபோது, வடக்கே குயின்ஸ்லாந்தில் சோதித்த விலங்குகளில் எல்லாவற்றிலும் வைரஸ் இருந்தது. தெற்கே போகப் போகக் குறைந்தது. வடக்கிலிருந்து தெற்காக அது இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நமக்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்து முடிந்தது அவற்றுக்கு இப்போதுதான் நடக்கிறது. ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் அங்கே அதிகம். இந்த வைரஸ் கோவாலாவின் நோய் எதிர்வினையைக் குலைத்து, ஏற்கெனவே அவற்றை வாட்டும் கிளமிடியா தொற்றுக்கும் வழிவிடுகிறதோ என்ற சந்தேகமும் வலுவாக இருக்கிறது. இன்னும் சில லட்சம் வருடம் கழித்து கோவாலாவின் டி.என்.ஏ.வில் இந்த வைரஸின் சுவிட்ச் ஒன்று ஏதாவது நல்ல காரியம் செய்துகொண்டிருக்கலாம். அப்போது ஏதோ ஒரு கோவாலா கவிஞர் கொடை என்று எழுதட்டும். இப்போது அங்கே மருத்துவமனையில் படுத்திருக்கும் விலங்கிடம் அந்நியரை அணைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அகதியை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஆயிரம் நல்ல காரணம் இருக்கிறது. அவர் மனிதர் என்பது போதாதா? வைரஸை எதற்கு சாட்சிக்கு இழுக்கிறீர்கள்? மனிதரை வைரஸோடு ஒப்பிட்டே அரசியல் நடத்தியவர்கள் வரலாற்றில் யார் என்று தெரிந்துமா?

சரி, இனி பொடிக் கோஷ்டி.

என் அக்காவுக்கு லூபஸ். சொந்த உடம்பின் செல் உட்கருவையே எதிரியாக நினைத்து ஆன்டிபாடிகள் கிளம்பும் நோய். இன்டர்ஃபெரான் விசில் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருப்பது பெரும்பாலான லூபஸ் நோயாளிகளிடம் தெரிகிற விஷயம். அவள் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும் அந்த ஆர்ப்பாட்டத்தைக் குறைப்பதற்கானவை. வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு சித்தியும் அத்தையும் சொல்வது என்ன? “உனக்கு எதிர்ப்புச் சக்தி கம்மிடி, அதான் இப்படிப் படுத்துறது. இந்தக் கஷாயத்தக் குடி.” அவள் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: “சித்தி, இருக்கிற சக்தியே என்னத் தின்னுட்டு இருக்கு. இன்னும் கூட்டி என்னத்தத் திங்கச் சொல்ற?”

சித்தியைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘எதிர்ப்புச் சக்தி’ என்று சொல்லிவிட்டாலே அது கூடும் குறையும் சரக்காகிவிடுகிறது. பேட்டரி சார்ஜ் மாதிரி. நூறு சதவீதம் இருந்தால் நல்லது, பத்து இருந்தால் ஆபத்து. அது அப்படி ஒரு அளவே இல்லை என்பதற்கு நம் பழைய வைரஸ்களைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

ஏனென்றால் இந்தத் துண்டுகளை நம் செல்கள் சும்மா விட்டுவைக்கவில்லை. டி.என்.ஏ. மேல் மெத்தில் என்ற வேதிக்குறிகளை ஒட்டி வாயடைத்து வைத்திருக்கின்றன. கட்டு தளர்ந்தால் சில துண்டுகள் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும். சில இடங்களில் அது இரட்டை இழையாகச் சேரும். செல்லின் உணரிகளுக்கு இரட்டை இழை ஆர்.என்.ஏ. என்றால் வைரஸ் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். வெளியிலிருந்து ஒரு கிருமிகூட வரவில்லை. விசில் ஊதியாகிவிட்டது.

இந்த ஒரே நிகழ்வு எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்து மருந்தாகவும் ஆகும், நோயாகவும் ஆகலாம். மெத்தில் குறிகளைக் குறைக்கும் அசாசிட்டிடின் மாதிரியான மருந்துகள் ரத்தப் புற்றுநோய் வகைகளுக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவை. அவை வேலை செய்வதற்கு ஒரு காரணம் இந்தப் பழைய வைரஸ்களின் முனகல்தான் என்று 2015இல் டொரான்டோவிலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் காட்டின. கட்டவிழ்ந்த துண்டுகளால் புற்றுச்செல் தனக்குத் தொற்று வந்துவிட்டதாக நினைத்துக் கூச்சல் போடுகிறது. வைரஸ் வேஷம் என்று சொல்லலாம். 2023இல் லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் ஜார்ஜ் கஸ்ஸியோட்டிஸ் குழுவினர் நுரையீரல் புற்றுநோயில் இன்னொன்றைக் கண்டார்கள். கட்டிக்குள் பி-செல்கள் கூடி, பழைய ரெட்ரோவைரஸின் உறைப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைச் செய்கின்றன. அப்படி நடக்கும்போது நோய் எதிர்வினைச் சிகிச்சை நன்றாக எடுபடுகிறது.

அதே கூச்சல் சிறுநீரகத்திலோ மூளையிலோ கேட்டால்? லூபஸ் நோயாளிகளிடம் பழைய ரெட்ரோவைரஸ் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் கூடுதலாகக் காணப்படுவதுண்டு. அது நோயின் காரணமா, விளைவா என்பது இன்னும் வழக்கில்தான் இருக்கிறது. மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் நோய்க்கும் ஒரு பழைய வைரஸின் உறைப் புரதமே காரணம் என்று பல வருடம் துரத்தினார்கள். அதைப் பிடித்து முடக்க டெமெலிமாப் என்று ஒரு மருந்தே செய்தார்கள். இரண்டாம் கட்டச் சோதனையில் அது முதன்மை இலக்கை எட்டவில்லை. பழைய வைரஸை எல்லா நோய்க்கும் வில்லனாக்குவதும் கோட்டைக் கதையின் இன்னொரு பதிப்புதான், இந்தத் தடவை ஒற்றன் உள்ளே இருக்கிறான், அவ்வளவே.

ஆக, என் அக்காவின் ரத்தத்தில் எது அடங்க வேண்டுமோ அதுதான் ஒரு புற்றுநோயாளியின் கட்டியில் எழும்ப வேண்டியது. இதில் ‘கூட்டு’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு என்ன பொருள்? மும்பையில் 2020 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் சீந்தில் கஷாயம் குடித்து ஈரல் கெட்டு வந்த ஆறு பேரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். தன்னுடலையே தாக்கும் ஈரல் நோயின் சாயல் அவர்களிடம் தெரிந்தது. கோவிட் பயத்தில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டக் குடித்தவர்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது, அது சீந்திலே இல்லை, அதைப் போன்ற வேறு கொடியாக இருக்கும் என்றது. கொடி எது என்ற சண்டையை அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். தனக்குள் ஏற்கெனவே எந்த விசில் ஊதிக்கொண்டிருக்கிறது என்று தெரியாத ஒருவரிடம் ‘கூட்டு’ என்று சொன்னது யார் என்பதுதான் என் புகார்.

சொல் விஷயத்தில் நாம் இத்தனை ஏழைகளும் இல்லை. ‘இம்யூனிட்டி’யின் மூலமான லத்தீன் சொல்லுக்கு வரியிலிருந்தோ கடமையிலிருந்தோ விலக்கு பெற்றவர் என்றுதான் பொருள், போர் வாடையே கிடையாது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் நிர்ப்பீடனம் என்கின்றன: பீடிக்கப்படாத நிலை. வாயில் நுழையச் சிரமம்தான், ஆனால் அதில் படையும் இல்லை, சக்தியும் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் நோய்த்தடைக்காப்புகூடப் பரவாயில்லை. இரண்டையும் விட்டுவிட்டு எதிர்ப்புச் சக்தியைப் பிடித்துக்கொண்டோம், விளம்பரத்துக்கு அதுதான் தோது.

ஆன்டிபாடிக்கு நம்மிடம் இருக்கும் சொல்லில்தான் சிக்கல் தீரவில்லை: பிறபொருளெதிரி. நுரையீரல் புற்றுக்கட்டிக்குள் பி-செல் செய்யும் அந்த ஆன்டிபாடி பிடிப்பது, அந்த நோயாளியின் பாட்டிக்கும் பாட்டியிடமிருந்து வந்த மரபணு செய்த புரதத்தை. அது பிறபொருளா, தன்பொருளா? நண்பர் ஒருவர் ‘பிடிபுரதம்’ என்று சொல்லிப் பார்த்தார். எனக்கு இன்னும் திருப்தி இல்லை. இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.